செலவுச் சாமானும் அளவும்

காங்கேயம், தாராபுரம், ஈரோடு வட்டாரங்களில் மசாலாப் பொருள்களைச் ‘செலவுச் சாமான்’ என்பார்கள். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் இந்த ஒரு பெயருக்குள் வந்துவிடும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இவற்றை வறுத்து அரைத்து வைத்துக் கொடுப்பது ‘செலவு ரசம்’. வீட்டில் யாருக்காவது சளி பிடித்தாலும் அடுப்பில் ஏறுவது அதே ரசம்தான். இந்தச் சாமான்களை மளிகைக் கடையிலும் கேட்டு வாங்கலாம், நாட்டு மருந்துக் கடையிலும் கேட்டு வாங்கலாம். குழம்பில் போடும் அளவில் இவை உணவா, மருந்தா என்ற கேள்வி அந்த இரண்டு கடைகளுக்கும் நடுவில் நிற்கிறது.

மசாலாவின் மணமும் காரமும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி தனக்குள் உண்டாக்கும் வேதிப்பொருள்கள்தாம் மனிதனின் நாக்குக்குச் சுவையாகத் தெரிகின்றன. அதனால்தான் வெப்ப நாடுகளில் மசாலா அதிகம், அது இறைச்சியில் கிருமி பெருகாமல் தடுக்கிறது என்று அமெரிக்காவைச் சேர்ந்த பில்லிங், ஷெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். 36 நாடுகளின் 4,500க்கும் மேற்பட்ட இறைச்சிச் சமையல் குறிப்புகளைப் பார்த்துச் சொன்ன முடிவு அது. 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 70 சமையல் மரபுகளின் 33,750 குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. வெயிலுக்கும் கிருமிக்கும் மசாலாவுக்கும் நேரான தொடர்பு கிடைக்கவில்லை. மசாலா பற்றிய பேச்சில் இது அடிக்கடி நடப்பது. கேட்டவுடன் சரியென்று தோன்றும் விளக்கம் வேறு, நிரூபிக்கப்பட்டது வேறு.

கொங்கு நாட்டுக்கு மசாலாவோடு உள்ள உறவு பழையது. சேர நாட்டு மிளகு ஏறிய முசிறித் துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைத்த வழி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து நொய்யல் ஓரமாகக் கரூருக்குப் போனது. அந்த வழியில்தான், சென்னிமலைக்கு மேற்கே, பழைய வணிக ஊரான கொடுமணல் இருக்கிறது. நீலப் பச்சை மணிக்கல் கிடைத்த படியூர், காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையிலேயே இருக்கிறது. மேற்கே போன மிளகு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எகிப்தின் செங்கடல் கரையில் சான்று கிடைத்தது. பெரனிகே துறைமுகக் கோயில் ஒன்றில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. மிளகாய் அன்று இங்கே கிடையாது. போர்ச்சுகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த பிறகுதான் அது வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆனது. அதற்கு முன்பு கொங்கு வீட்டுக் குழம்பில் காரம் என்றால் மிளகுதான்.

இன்றைய நிலையில் இந்த வட்டாரத்தின் சாமான் மஞ்சள். பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. ஈரோட்டைச் சுற்றிலும் மஞ்சள் தோட்டங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிர். வெட்டியெடுத்த கிழங்கை வேகவைத்து, களத்தில் காயவைத்து, பாலிஷ் போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அது விரலி, கிழங்கு என இரண்டாகப் பிரிந்து தனித்தனி விலைக்குப் போகும். ‘ஈரோடு மஞ்சள்’ 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். 1815இல் பிரெஞ்சு வேதியியலார் முதலில் இதைப் பிரித்தெடுத்தார்கள். நல்ல மஞ்சளில் இது சுமார் 3 சதவீதம் இருக்கும், சில ரகங்களில் இன்னும் கூடுதல். உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட தாவரப் பொருள்களில் குர்குமினும் ஒன்று. கண்ணாடிக் குடுவைக்குள் அது புற்றுநோய்ச் செல்லை அழிக்கிறது, வீக்கத்தைத் தணிக்கிறது, கிருமியைக் கொல்கிறது. வயிற்றுக்குள் போனதும் கதை மாறுகிறது. குர்குமின் நீரில் கரையாது. குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சியதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியே அனுப்பிவிடும்.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. 2 கிராம் குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அது தென்படவில்லை, அல்லது மிகச் சொற்பமாகத் தென்பட்டது. அதனுடன் மிளகின் காரப்பொருளான பைபெரின் வெறும் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சும் அளவு சுமார் 20 மடங்கு ஆனது. 20 மில்லிகிராம் பைபெரினுக்கு அரை கிராம் மிளகு போதும். ரசத்தில் ஒருவருக்கு விழும் மிளகு ஏறக்குறைய அவ்வளவுதான். மஞ்சளும் மிளகும் ஒரே சட்டியில் வேகும் சமையலுக்கு இது நல்ல செய்தி.

அதே சமயம் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு பேருக்கான சாம்பாரில் அரை தேக்கரண்டி மஞ்சள் தூள் விழுகிறது. அது ஒன்றரை கிராம். நாள் முழுதும் குழம்பு, பொரியல், ரசம் என்று ஒருவர் சாப்பிடும் மஞ்சள் ஒரு கிராமைத் தொட்டாலே பெரிது. அதில் குர்குமின் 30 மில்லிகிராம். பெங்களூரு ஆய்வில் கொடுத்த 2 கிராம் குர்குமின் வேண்டுமானால் சுமார் 67 கிராம் மஞ்சள் தூளை ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். மூட்டு வலிக்கு மஞ்சள் உதவுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இப்படிச் செறிவூட்டிய சாற்றைக் கொடுத்தே நடந்தவை. தாய்லாந்தில் 367 முழங்கால் மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு, இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்த அளவுக்கே வலி குறைந்தது. வயிற்றுக் கோளாறும் குறைவு. மதிப்புள்ள முடிவுதான். ஆனால் அது சாம்பாரைப் பற்றிய முடிவு அல்ல. 2017இல் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசிய அமெரிக்க வேதியியலார், எந்த நோய்க்கும் அது உறுதியாக வேலை செய்வதாகக் கண்டிப்பான மருத்துவச் சோதனை எதுவும் காட்டவில்லை என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கே மஞ்சளின் உண்மை நிலை புரியும்.

மேற்பூச்சாக மஞ்சள் பூசும் வழக்கம் நீதிமன்ற வழக்கு போன்ற ஒரு போராட்டத்தையே கண்டது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூலையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. நம் பாட்டிமார் அறிந்திருந்தது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் பொருள். அவர்கள் சொன்ன எல்லாம் மருத்துவச் சோதனையில் தேறிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுப்பில் மசாலாவுக்கு என்ன ஆகிறது என்பதை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. மஞ்சளை வேகவைக்கும்போது குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை அழிகிறது. குக்கரில் பத்து நிமிடம் வைத்தால் இழப்பு மிக அதிகம். புளி சேர்ந்திருந்தால் இழப்பு 12 முதல் 30 சதவீதத்துக்குள் நிற்கிறது. புளிக்குழம்பிலும் சாம்பாரிலும் புளிக்கரைசலோடு மஞ்சளைப் போடும் கைப்பழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. குர்குமின் கொழுப்பில் கரையும் என்பதால் எண்ணெயும் அதற்குத் துணை. கொப்பரைக் களங்களும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த காங்கேயத்தில் அதற்குக் குறைவில்லை.

கொங்கு வீடுகளில் வேலை மிகுந்த நாளின் சாப்பாடு அரிசி பருப்புச் சாதம். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், வரமிளகாய். காலையில் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள் ஒரே குக்கரில் முடித்துக்கொள்ளும் சமையல் இது. இதில் மைசூரு ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பும் துத்தநாகமும் எளிதில் உடலுக்குக் கிடைப்பதில்லை. பூண்டும் வெங்காயமும் சேர்ந்தால் அவை கூடுதலாக விடுபடுகின்றன என்று செயற்கைச் செரிமானச் சோதனையில் 2010இல் காட்டினார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில் குர்குமினைவிட முக்கியமான செய்தி இதுதான். மிளகாயின் பக்கமோ வேறு விதம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்புச் சத்து சேர்த்த சோற்றுச் சாப்பாட்டோடு மிளகாய் சேர்த்தபோது இளம்பெண்களின் உடல் ஏற்ற இரும்பு 38 சதவீதம் குறைந்தது. மஞ்சள் சேர்த்தபோது குறையவில்லை. இரத்தசோகை உள்ளவர்கள் காரத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, சாப்பாட்டில் எலுமிச்சையைப் பிழிந்துகொள்வது நல்லது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் ஏற்றும்.

சமையல் அளவும் மருந்து அளவும் ஒன்றாகிவிடும் பொருள் சுக்கு. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்ற பழமொழியைக் காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகனின் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ப்ப காலக் குமட்டலுக்கு நாளுக்கு ஒரு கிராம் அளவு இஞ்சி உதவுகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் அதை ஒரு வழியாக ஏற்றிருக்கிறது. ஒரு கிராம் சுக்கு அரை தேக்கரண்டித் தூள்தான், சுக்குமல்லிக் காப்பியிலேயே வந்துவிடும். பச்சை இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் காயும்போது ஷோகாலாக மாறும். ஷோகாலின் காரம் அதிகம். இஞ்சியைவிடச் சுக்கு கூடுதலாக உறைப்பது இதனால்தான். பழமொழி மொத்தமும் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குமட்டல் அளவில் அது சொன்னது சரி.

வெந்தயம் நடுவில் நிற்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது. கொழுப்பு நீக்கிய வெந்தயத்தூளை நாளுக்கு 100 கிராம் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை இறங்கியது, சிறுநீரில் போகும் சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. வெந்தயத்தின் வழவழப்பான நார்ச்சத்து குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. ஆய்வுக்கு வெளியே, வீட்டில் யாரும் நூறு கிராம் வெந்தயத்தைத் தினமும் சாப்பிட முடியாது. இரவில் ஊறவைத்துக் காலையில் மென்று தின்னும் ஒரு மேசைக்கரண்டி பத்து கிராம் அளவு வரும். அந்த அளவிலும் ஓரளவு பலன் இருப்பதாகப் பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. புளிக்குழம்பில் தாளிக்கும் கால் தேக்கரண்டியில் மணம் உண்டு, சர்க்கரையைக் குறைக்கும் அளவு கிடையாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெந்தயத்தை அதிகமாகச் சேர்த்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

கிராம்பில் உள்ள யூஜெனால் பல் வலியை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். வலிக்கும் பல்லில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வது அறிவியலுக்கு ஒத்த வைத்தியம். ஆனால் கிராம்பு எண்ணெயைக் குழந்தை விழுங்கிவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படும். சீரகம், மல்லி, ஓமம் மூன்றும் வயிற்று உப்புசத்துக்கு வழக்கமாகக் கொடுப்பவை. இவற்றுக்குக் கெடுதல் குறைவு, கண்டிப்பான சான்றும் குறைவு.

பெருங்காயம் இங்கே விளைந்ததில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் மலைச்செடியின் பாலிலிருந்து வருவது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் முதன்முதலாக நட்டுப் பயிரிடத் தொடங்கினார்கள். கடையில் டப்பாவில் விற்பது கூட்டுப் பெருங்காயம். பிசினும் பெரும்பாலும் கோதுமை மாவும் கலந்தது. கோதுமை ஒவ்வாதவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

பட்டையில் ஒரு எச்சரிக்கை தேவை. சர்க்கரைக்கு நல்லதென்று பட்டைத்தூள் நீரைத் தினமும் குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைப்பது தடித்த காசியாப் பட்டை. சுருள் சுருளாக, மெல்லிய ஏடுகளாக வரும் இலங்கைக் கறுவா வேறு மரம். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. அது அதிகமானால் கல்லீரலைத் தாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று நாள் வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 கிராம் காசியாத் தூளிலேயே அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். பிரியாணியில் விழும் ஒரு துண்டுப் பட்டையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தினசரி ஒரு கரண்டி என்று மருந்தாக்கும்போதுதான் சிக்கல்.

மிளகாய் உறைப்பது சுவையில் சேராது, அது ஒரு வகை வலி. சூட்டை உணரும் நரம்பு வாயிலை கேப்சைசின் திறந்துவிடுகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. திரும்பத் திரும்பத் தூண்டினால் நரம்பு மரத்துப்போகும் என்பதால் கேப்சைசின் களிம்பை நரம்பு வலிக்குப் பூசுகிறார்கள். சீனாவில் ஏறக்குறைய 4,87,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. கிட்டத்தட்டத் தினமும் காரம் சாப்பிட்டவர்களிடம், வாரம் ஒரு முறைகூடச் சாப்பிடாதவர்களைவிட இறப்பு விகிதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. காரம்தான் காரணமா, காரம் சாப்பிடுகிறவர்களின் வாழ்க்கை முறை காரணமா என்று இத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. நெஞ்செரிச்சலும் மூலமும் உள்ளவர்களுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவும் செய்யாது.

மசாலா உடலுக்குச் செய்யும் பெரிய உதவி இந்த வேதிப்பொருள் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். கொள்ளு, பாசிப்பயறு, அவரை, முருங்கைக்கீரை, கம்பு போன்ற எளிய, மலிவான, சத்துள்ள உணவை வாய்க்கு ருசியாக்கித் தினமும் சாப்பிட வைப்பது மசாலாதான். அது உப்பையும் குறைக்க உதவும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிந்துரை. மிளகும் சீரகமும் பூண்டும் தூக்கலாக உள்ள கொள்ளு ரசத்தில் உப்பு ஒரு கல் குறைந்தால் தெரியாது. உடனடி மசாலாப் பாக்கெட் வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் இதுவே. பல கலவைகளில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. லேபிளைப் பார்க்காமல் மேலும் உப்புப் போடுகிறோம்.

சமையலறையை விட்டு மாத்திரை டப்பாவுக்குள் போனதும் மசாலாவின் குணம் மாறிவிடுகிறது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் குழு ஒன்று 2022இல் அறிக்கை தந்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். சோதித்துப் பார்த்த ஏழு மாத்திரைகளில் மூன்றில் பைபெரினும் இருந்தது. உறிஞ்சுவதைக் கூட்டும் அதே மிளகுச் சத்து ஆபத்தையும் கூட்டக்கூடும். பாதிப்பு அரிதானது, சிலரின் மரபணு அமைப்பும் அதற்குக் காரணம். இருந்தாலும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள், இஞ்சி, பூண்டு மாத்திரைகளைத் தொடக்கூடாது.

அன்றாடச் சமையலில் ஆபத்து வருவது கலப்படத்தால். வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளை விற்க முடியாத வங்கதேசத்து ஆலைகள் 1980களில் ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசிப் பளபளப்பாக்கத் தொடங்கின. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணியின் உடல் வழியாகச் சிசுவையும் தாக்கும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வங்கதேச ஆய்வாளர்களும் 2019இல் இதை அம்பலப்படுத்தினார்கள். அரசு சோதனை நடத்தி அபராதம் விதித்தது. 2019இல் கடைகளில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தென்பட்டது, 2021இல் ஒன்றில்கூட இல்லை. அரசு நினைத்தால் இரண்டே ஆண்டில் ஒழிக்க முடிந்த தீமை அது. இந்தியாவில் மஞ்சளுக்கான ஈய வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாத் தூள்கள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருப்பதாகச் சொல்லி, அவற்றை விற்பனையிலிருந்து எடுக்க உத்தரவிட்டன. உள்ளூர்க் கடையில் வாங்குகிறவருக்கும் அதே கண்டிப்பு உரியது.

வீட்டிலேயே பார்க்க முடிந்த சில சோதனைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கிறது. முழு மஞ்சளை ஒரு டம்ளர் நீரில் போட்டால் நல்லது சாயம் விடாது, பூச்சுள்ளது உடனே நிறம் கழலும். மஞ்சள் தூள் நீரில் அடியில் படிந்து மேல்நீர் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும், அடர்ந்த நிறம் வந்தால் சந்தேகிக்க வேண்டும். மிளகாய்த்தூளை நீரின் மேல் தூவினால் செயற்கைச் சாயம் கோடுகோடாக இறங்கும். மிளகில் கலந்த பப்பாளி விதை மிதக்கும். இவை எல்லாக் கலப்படத்தையும் பிடித்துவிடா. ஆனாலும் ஐந்து நிமிட வேலை. ஈரப்பதத்தோடு மூட்டை கட்டிய மிளகாயில் வரும் பூஞ்சை நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கறுத்த, பூசணம் வாடை அடிக்கும் மிளகாயை விலை குறைவென்று வாங்கக்கூடாது.

விரலி மஞ்சள் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிற ஊர்க்காரர்கள் தூளைப் பாக்கெட்டில் தேட வேண்டிய கட்டாயம் இல்லை. மஞ்சளையும் மல்லியையும் மிளகாயையும் முழுதாக வாங்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் மூன்று மாதத்துக்கு மட்டும் அரைத்து, வெளிச்சம் படாத டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். பாக்கெட்டில்தான் வாங்க வேண்டுமென்றால் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அக்மார்க் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.